கோவிந்தனுக்கு முடிந்த நாள்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் போனிலேயே சாகடித்திருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. இதுவும் அது இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான் கைவிட்டதாகவும் சொல்லலாம்). அம்பத்தூரில் லேத், நாக்பூர் வரை லாரி கிளீனர், குமணன்சாவடியில் டீ மாஸ்டர். கடைசியில் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நெமிலிச்சேரி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பலகை எழுதப் போட்டார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களுக்கு நர்ஸ் கவனிப்பும் நடைப்பயிற்சியும் அரசுக் காப்பீட்டில் இத்தனை நாள் என்று உண்டு. யாருக்கு எத்தனை நாள் மிச்சம் என்று பலகையில் எழுதுவதும், யாருக்கு நீட்டிப்பு கேட்க வேண்டும் என்று பார்ப்பதும் என் வேலை.

கோவிந்தன், இடுப்பெலும்பு உடைந்தவர். வாக்கரைப் பிடித்து ஆறடி நடப்பார். வீடோ பட்டாபிராமில், மாடியில். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அந்த ஆறடியோடு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் கட்டில்தான். நீட்டிப்புக்குக் குடும்ப அட்டையும் மகன் கையெழுத்தும் வேண்டும். மகன் சேகருக்குப் பத்து நாள் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

கடைசி நாள் காலையில் எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம். இவர் மறுபடி வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் கடகடவென்று சொன்னேன்.

"நெமிலிச்சேரி ஹோம்லேர்ந்து பேசறேன். உங்க அப்பாவுக்கு இன்னியோட முடிஞ்சிட்ச்சு. பேப்பருங்க எல்லாம் எடுத்துகினு மூணு மணிக்குள்ள வந்துருங்க. இல்லாங்காட்டி வெளிய எடுத்துடுவாங்க."

மெஷின் சத்தம் நின்றது. பிறகு, "ரொம்ப கஷ்டப்பட்டாரா?" என்றார்.

"அவரு இன்னா கஷ்டப்பட்டாரு, நாந்தான் பத்து நாளா கஷ்டப்பட்டேன்" என்றேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

பன்னிரண்டு மணிக்கு இரண்டு ஆட்டோ வந்தது. பின்னாலேயே ஒரு குட்டியானை வேன், அதில் ஐஸ் பெட்டி. சேகர் ஆளுயர ரோஜா மாலையோடு இறங்கினார். அவர் மனைவி வாசலிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார். கோவிந்தன் அப்போதுதான் வராந்தாவில் ஐந்தாவது அடி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, யாரு பூட்டாங்க?" என்றார்.

மருமகள் கை மாரிலேயே நின்றது. சேகர் மாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிழவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. "மூணு மாசமா ஒரு ஆப்பிளோட வர்ல. மாலையோட வந்துகீறான் பாரு."

சேகர் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். "செத்துட்டாருன்னு சொன்னியேடா."

"நான் எங்க சொன்னேன்? முடிஞ்சிட்ச்சுன்னேன். இன்சூரன்ஸ் முடிஞ்சிட்ச்சு."

பிடித்த கையில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை. இறப்புச் சான்றிதழ் வாங்கக் கொண்டுவந்தவை. ஒன்றுகூடக் குறையவில்லை. சட்டை அவர் கையில் இருக்கும்போதே பையை நான் வாங்கிக்கொண்டு, "இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றேன். அழுத கண்ணோடு போட்டார். இரண்டரை மணிக்கு விண்ணப்பம் போய்விட்டது.

மேனேஜர் வெள்ளைத்தாளை நீட்டினார். "மன்னிப்பு எழுதிக் குடு."

"உயிரோட கீறாருன்னு பத்து நாளா போன் பண்ணேன் சார். ஒருத்தரும் வர்ல. அதுக்கு யாரு எழுதிக் குடுக்கறது?"

தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். நீட்டிப்பு வந்தது. அது முடிவதற்குள் கோவிந்தன் மாடிப்படி ஏறப் பழகிவிட்டார்.

என் வீட்டில் இப்போது பால் முடிந்தாலும், கேஸ் முடிந்தாலும், "மாலை வாங்கியாரட்டா?" என்கிறாள் மகள். கோவிந்தன் மாதம் தவறாமல் போன் செய்கிறார். ஹலோ கிடையாது.

"நைனா, எனக்கு இன்னும் முடியல. பலகையில எழுதிக்கோ."