நாலு நல்ல வார்த்தைக்கு ஒரு திட்டு

"இது என் வீட்டுக்காரர் இல்ல, தம்பி. வேற யாரோ."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டிலில் பாத்திரக்கடைக்காரர் தலை நிறைய ஒயரோடு உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து வாயே திறக்கவில்லை. அவர் நினைப்பதை ஒயர் வழியாகப் படித்து, பக்கத்திலிருந்த பெட்டி அவர் குரலிலேயே பேசும். கடை விளம்பரத்துக்காக முன்பு பதிவு செய்திருந்த குரல். டாக்டருக்கு அது பல வருஷ ஆராய்ச்சி. கடைக்காரரின் மனைவிக்கோ, அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பெட்டி சொன்ன முதல் வார்த்தை: "நீ வந்ததற்கு நன்றி."

"குரல் அவருதுதானேம்மா?"

"குரல் அவருது. நன்றி யாரோடது? கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அதைக் கேட்டதே இல்லையே!"

கடைக்காரரின் புருவம் ஏறியது.

"மரியாதையான வாக்கியமாவே பழக்கிட்டேன். கொஞ்சம் உணர்ச்சியைக் கூட்டறேன்." டாக்டர் கணினியைத் தட்டினார்.

"அன்பே, சாப்பிட்டாயா?" என்றது பெட்டி.

கட்டிலடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். கடைக்காரரின் முகம் சிவந்தது.

மனைவி பாதி வாழ்க்கையைக் கடையில் கழித்தவள். பேரத்தில் இறங்கினாள்.

"தம்பி, நாலு நல்ல வார்த்தையை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு ஒரே ஒரு திட்டு குடுங்க."

"திட்டறதுக்குப் பழக்கலையேம்மா."

"சரி, அரைத் திட்டு?"

டாக்டர் மனமிரங்கி இன்னும் எதையோ கூட்டினார்.

"பொன்மயிலே!" பெட்டி விளம்பர ராகத்தில் முழங்கியது. "உன் புன்னகைக்கு விலை ஏது!"

அவள் உடைந்துபோனாள். "அவரு போயிட்டாரு தம்பி. யாரையோ அவர் குரல்ல பேச வச்சிருக்கீங்க." கைக்குட்டைக்குள் முகம் புதைத்துத் தேம்பினாள். டாக்டர் வேர்த்து விறுவிறுத்து, தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

திடீரென்று கரகரவென்று ஒரு குரல் வெடித்தது.

"மூக்கைச் சிந்தாதடி! கல்லாவுல யாரு இருக்கா?"

அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. "தம்பி! இவருதான்! இவரேதான்! இனிமே ஒண்ணையும் தொட்டுடாதீங்க!" கணவரின் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "பூட்டிட்டுத்தாங்க வந்திருக்கேன். சாவி இதோ."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பேசிடுச்சும்மா! என் மெஷின் பேசிடுச்சு!"

தரை துடைத்த பெண் தயங்கித் தயங்கி எழுந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். அக்கா அழ ஆரம்பிச்சதும் மனசு கேக்கல. பெட்டியோட பிளக்கை அப்பவே பிடுங்கிட்டேன்."