காத்து ஊதுற மிஷின்

பொங்கல் கழிந்த கையோடு ஒரு சபதம் எடுத்தேன். மச்சினனை முந்துவது. வாழ்க்கையில் அல்ல, அதில் அவன் எப்போதோ என்னை முந்திப் போய்விட்டான். ரோட்டில்.

என் பெயர் சண்முகராஜ். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கௌரவத்துக்குக் கௌரவம். நான் அனுப்புகிற குச்சியில் எந்தெந்த ஊரிலோ அடுப்பு எரிகிறது. என் வீட்டில் மட்டும் என் பேச்சு நமத்துப்போன குச்சி. எத்தனை தடவை உரசினாலும் பற்றாது.

என்னிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. நாலு சிலிண்டர், பெட்ரோல் வண்டி. வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து அதுதான். டிவி ரிமோட் மனைவிக்கு, ஏசி ரிமோட் மகளுக்கு, ஸ்டியரிங் எனக்கு. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்வது மனைவிதான் என்றாலும், பிடித்திருப்பது நான்.

பொங்கலுக்கு மாமனார் ஊரான பசுவந்தனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. பின்னால் வந்த மச்சினன் மணிகண்டபிரபு, தன் புதுக் காரை எனக்கு இணையாகக் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கி, நிதானமாகக் கேட்டான்.

“அத்தான், வண்டி நிக்குதா, ஓடுதா?”

நான் பதில் யோசிப்பதற்குள் புள்ளியாகிவிட்டான். பக்கத்தில் இருந்த என் மனைவி பிரேமலதா சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாளே மெக்கானிக் சுடலைக்கண்ணுவின் பட்டறையில் போய் நின்றேன். அவன் பானெட்டைத் திறந்து, டாக்டர் மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டான்.

“அண்ணாச்சி, எஞ்சின்ல குத்தமே இல்ல. மூச்சுதான் பத்தல.”

“எனக்கும் அப்படித்தான்டே இருக்கு.”

“சூப்பர்சார்ஜர் மாட்டிருவோம்.”

“அது என்ன செய்யும்?”

“எஞ்சின் தானா மூச்சு இழுக்குதுல்லா, இது அது வாய்க்குள்ள காத்தப் பிடிச்சுத் திணிக்கும். காத்து கூடுனா பெட்ரோலு கூட எரியும். பெட்ரோலு எரிஞ்சா வண்டி பறக்கும். உங்க மச்சினன் கண்ணாடிய இறக்குததுக்குள்ள நீங்க எட்டயபுரத்துல டீ குடிச்சிருவீங்க.”

“இதுக்கு முன்னால யாருக்கும் மாட்டியிருக்கியாடே?”

“எத்தன வீடியோ பாத்திருக்கேன்! நேர்ல நீங்கதான் மொத ஆளு.”

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மச்சினனும் வருவான். எட்டயபுரம் தாண்டினால் நேர் ரோடு. அங்கே அவனை முந்த வேண்டும். முந்தும்போது கண்ணாடியை இறக்கி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். குளியலறையில் கண்ணாடி முன்னால் நின்று, எந்தத் தொனியில் கேட்பது என்று பழகினேன். வெளியே இருந்து பிரேமலதா, “உள்ள யார் கூட பேசுதீங்க?” என்றாள்.

கோயம்புத்தூரிலிருந்து சாமான் பார்சலில் வந்தது. பட்டறை முகவரியைக் கொடுக்கச் சொல்லியிருந்தான் சுடலைக்கண்ணு. நான் பழக்க தோஷத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால், ஹாலின் நடுவே பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் மனைவி. இடுப்பில் கை.

“என்னங்க இது?”

“பார்சல்.”

“அது தெரியுது. உள்ள என்ன?”

“மிஷின்.”

“என்ன மிஷின்?”

பொய் சொல்வதில்லை என்பது என் கொள்கை. சொன்னால் மாட்டிக்கொள்கிறேன் என்பதால் வந்த கொள்கை. அதனால் உண்மையிலிருந்தே தொடங்கினேன்.

“காத்து ஊதுற மிஷின்.”

“வீட்ல அத்தன ஃபேனு இருக்கே, பத்தலையா?”

“இது பெரிய காத்து.”

“அம்மாம் பெரிய காத்து யாருக்கு?”

வியர்த்தது. அந்த நேரம் பார்த்து என் கண், சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவில் போய் விழுந்தது. அதில் மாமனார் சோலைச்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமாவுக்கு,” என்றேன்.

“எங்க அப்பாவுக்கா?”

“ஆமா. களத்துல உளுந்து தூத்தணும்லா. தை மாசம் காத்தே அடிக்க மாட்டேங்குதுன்னு பொங்கலுக்குப் போனப்ப வருத்தப்பட்டாவள்லா. அதான்...”

பிரேமலதா என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. வெங்காயம் இல்லாமல் என் முன்னால் அவள் கண் கலங்கினது அன்றைக்குத்தான்.

நான் தடுப்பதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். சோற்றோடு, கேட்காமலே ஒரு கரண்டி நெய்யும் விழுந்தது. எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. நெய் உருகும்வரை இருந்தது. காதுகுத்து முடிந்ததும், மிஷின் பழுதாகிவிட்டது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என முடிவு செய்தேன்.

மாமாவுக்குக் கொடுக்கும் முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலை வண்டி தயார். பைபாஸில் ஏறி மிதித்தேன். பானெட்டுக்குள் ஙொய்ய்ங் என்று ஒரு சத்தம் எழும்பியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரு லாரியை முந்தினேன். ஒரு பஸ்ஸை முந்தினேன். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்! தனியாக உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். மொத்தச் சந்தோஷமும் ஒரு டீ ஆறுகிற நேரம்தான். அதற்குள் போன் அடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தேன்.

“என்னங்க, எங்கன இருக்கீங்க?”

“ஆபீஸ்ல.”

“ஆபீஸ்ல எப்படி லாரி சத்தம் கேக்குது?”

“லோடு ஏத்துதாங்க.”

“சரி, கேளுங்க. பசுவந்தனைல மேகம் திரண்டு நிக்குதாம். அப்பா உளுந்த அடிச்சுக் குமிச்சுப் போட்டிருக்காவ, தூத்தாம கெடக்கு. மழை விழுந்தா அம்புட்டும் மொளைச்சுப் போயிரும். வாடகை மிஷினுக்கு ஊரே வரிசைல நிக்குதாம். உங்க மிஷினத்தான் நம்பி இருக்காவ.”

“அது சும்மா ஓடாது பிரேமா. அதுக்கு எஞ்சின் வேணும்.”

“அதான் கார்லயே மாட்டிட்டீங்களாமே! சுடலைக்கண்ணு தம்பி சொல்லிச்சு. மாமனாருக்காகச் சொந்த வண்டியவே பிரிச்சு வேல பாத்திருக்கீங்க. யாருங்க இப்படிச் செய்வா?”

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். “பரவால்ல, இருக்கட்டும்,” என்று வந்துவிட்டது. பாராட்டு கேட்டுப் பழக்கமில்லாதவனுக்கு அதுதான் நடக்கும்.

“நாளைக்குக் காலைல ஒரு அரை மணி நேரம் ஊதிக் குடுத்துட்டு, அப்படியே காதுகுத்துக்குப் போயிருவோம்,” என்றாள்.

அரை மணி நேரம்தானே. அதற்குப் பிறகும் நேர் ரோடு அங்கேதான் இருக்கும். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை களத்தில் போய் இறங்கினால், எங்களுக்கு முன்னால் அங்கே சுடலைக்கண்ணு கையில் ஸ்பேனரோடு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“நீ எங்கடே இங்கன?”

“அக்கா நேத்தே வரச் சொல்லிட்டாவ அண்ணாச்சி.”

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

கிழக்கே வானம் கரிசல் நிறத்துக்கே வந்துவிட்டது. குமிந்து கிடந்த உளுந்துக்குப் பக்கத்தில் மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அவர் பட்ட பாடு அவ்வளவும் அந்தக் குவியல்தான். சுடலைக்கண்ணு பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு தகரக் குழாயை மாட்டி வெளியே நீட்டினான். மாமியார் பாண்டியம்மாளும் பிரேமலதாவும் சுளகில் உளுந்தை அள்ளிக்கொண்டு வந்து முன்னால் நின்றார்கள்.

“மிதிங்க அண்ணாச்சி!”

மிதித்தேன். ஙொய்ய்ங். காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன். சுளகிலிருந்து சரிந்த உளுந்து கறுப்பு மழையாகக் காலடியில் விழ, தொலிப் பொட்டும் தூசியும் தூரத்தில் போய் விழுந்தன. மாமனார் கைகொட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அரை மணி நேரம் முடிந்தது. குவியல் பாதிகூடக் கரையவில்லை. “மருமகனே, இன்னும் கொஞ்சம் மிதிங்க,” என்றார் மாமனார். மிதித்தேன். எதிரே பானெட் திறந்து நின்றதால் ரோடும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. எஞ்சின் வேகம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு நடுங்கியது. பக்கத்திலிருந்த வண்டி வேகம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. பட்டுச் சட்டை முழுக்க உளுந்துத் தூசி. தும்மினால் கால் நழுவும், கால் நழுவினால் காற்று குறையும், காற்று குறைந்தால் மாமியார் திரும்பிப் பார்ப்பார். தும்மலை அடக்கிக்கொண்டேன்.

களத்தை ஒட்டிய ரோட்டில் ஒரு ஹாரன். மணிகண்டபிரபு. புது வேட்டி, புதுச் சட்டை, புதுக் கார். கண்ணாடியை இறக்கினான். சத்தத்தைக் கேட்டான். சக்கரத்தைப் பார்த்தான்.

“அத்தான், வண்டி நிக்குதா, ஓடுதா?”

இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

“நீ போயிட்டு வா. நம்ம சார்பா ஒருத்தராவது தலையக் காட்டணும்லா,” என்று மாமனார் அவனை அனுப்பிவைத்தார். “நீங்க மிதிங்க மருமகனே.”

எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே இருக்கும் நேர் ரோட்டில் அவன் மட்டும் போனான். முந்துவதற்கு யாருமில்லாமல் அவனுக்கும் போரடித்திருக்கும் என்று நினைத்து ஆறுதல் பட்டேன்.

கடைசி மூட்டையின் வாயைக் கட்டி உள்ளே தூக்கிப் போடவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு மணி உளுந்துகூட நனையவில்லை. களத்து ஓரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். பிரேமலதா முந்தானையால் என் தலையைத் துடைத்துவிட்டாள். அந்தத் தைரியத்தில் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன்.

“பிரேமா, அந்த மிஷின் வந்து... மாமாவுக்குன்னு வாங்கல.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“பார்சல் வந்தன்னைக்கே. பெட்டி மேல அம்மாம் பெருசா காரு படம்லா போட்டிருந்துச்சு. களத்துப் படமா போட்டிருந்துச்சு?”

“அப்ப நீ அழுதது?”

“அது நெசந்தான். பொய்யிதான் சொல்லுதீங்கன்னு தெரிஞ்சுச்சு. ஆனா பொய் சொல்லவாவது எங்க அப்பா கஷ்டம் உங்களுக்கு ஞாபகம் வந்துச்சே.”

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பொங்கலன்று சொன்னபோது நான் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே அவருக்கென்று ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மழை விட்டுக்கொண்டிருந்தது. கழுவிவிட்ட ரோடு பளபளவென்று கிடந்தது. ஆசை யாரை விட்டது.

“சரி, வேல முடிஞ்சுதுல்லா. பழைய குழாய மாட்டச் சொல்லவா? வீட்டுக்குப் போறப்ப கொஞ்சம் வெரசாப் போய்ப் பாப்போம். நீயும் பாத்ததில்லல்லா.”

“குழாய அப்பா எடுத்துப் பூட்டி வச்சுட்டாவ. நாளைக்குப் பெரியப்பா உளுந்து, அதுக்கடுத்து மேலத்தெருவுல பாசிப்பயறு, அப்புறம் குதிரைவாலி. எல்லாருகிட்டயும் அப்பா சொல்லிட்டாவ. காருக்குத் தார்ப்பாயி போட்டாச்சு, களத்துலயே கெடக்கட்டும். நீங்க காலைல வந்து மிதிச்சாப் போதும்.”

“அப்ப நாம இப்ப வீட்டுக்குப் போறது?”

“காதுகுத்து முடிஞ்சு எந்தம்பி வந்துக்கிட்டு இருக்கான், அவன் வண்டில போயிருவோம். நீங்க பின்னால உக்காந்துக்கிடுங்க.”