கப்பல் சார் ஒட்டிய ஆல்பம்

கடலையே பார்க்காமல் ஒரு போர்க்கப்பலுக்காக இருபது வருடம் துக்கம் காத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மைசூர் அக்ரஹாரத்தில், எங்கள் ஆபீசில், எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

எங்களுடையது பழைய வீடுகளை இடிக்கும் கான்ட்ராக்டர் ஆபீஸ். நான் டைப்பிஸ்ட். நாங்கள் கப்பல் சார் என்று கூப்பிடும் அவருக்கு, போட்டோ எடுக்கும் வேலை. பின்னால் யாரும் வம்புக்கு வரக் கூடாதென்று, முழு வீட்டில் ஆரம்பித்து வெறும் தரை வரை, ஒரே இடத்தில் நின்று தினமும் ஒரு படம் எடுத்து வரிசையாக ஒட்டி வைப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்துத் தூணைத் தட்டிப் பார்க்கிற ஆசாமி.

ஒரு பங்களாவை இடித்தபோது கிடைத்த பெட்டியில் நூறு வருடத்துக்கு முந்தைய படங்கள் இருந்தன. சீமையில் ஏதோ கப்பல் பட்டறையில் எடுத்தவை. தேதி எழுதிய ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. சார் தன் வழக்கப்படியே ஒட்டினார்: முதல் பக்கத்தில் பீரங்கிகளோடு முழுக் கப்பல், கடைசிப் பக்கத்தில் அடிக்கட்டை மட்டும். இவ்வளவு பெரிய கப்பலைப் பிரித்துப் போட்டுவிட்டார்களே என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமூச்சு விடுவார். கடைசிப் பக்கம் பார்த்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. டிபன் பாக்ஸ் எங்களிடம் வந்துவிடும். அதற்காகவே ஆல்பத்தைக் காட்டச் சொல்லிக் கேட்ட பாவிகள் நாங்கள்.

போன வருடம் அவர் வீட்டின் முறை வந்தது. அண்ணன் தம்பிகள் அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார்கள். காலமான மனைவியோடு அவர் முப்பது வருடம் வாழ்ந்த வீடு. முதல் படம் எடுக்க மூன்று நாள் போய், மூன்று நாளும் வெறும் கையோடு திரும்பினார். திங்கட்கிழமை வேறு ஆளை அனுப்பப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா ஆல்பத்தைப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் கப்பலுக்கு முன்னால் ஒரே மேஸ்திரி நின்றிருந்தார். முதல் பக்கத்தில் நரைத்த மீசை, முன்வழுக்கை. கடைசிப் பக்கத்தில் மீசை கருகருவென்று இருந்தது. சாரிடம் காட்டினேன்.

"டை அடிச்சிருப்பான்மா."

"முடியும் முளைச்சிருக்கே சார்? அவங்க உடைக்கல, கட்டியிருக்காங்க. பின்னாலேர்ந்து பாருங்க."

பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகக் கப்பல் எழும்பியது. பீரங்கிகள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று டிபன் பாக்ஸ் எங்களுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அவரே போய்ப் படம் எடுத்தார். வெறும் தரை வந்த பிறகும் நிறுத்தவில்லை. அஸ்திவாரம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தார்.

"எல்லாப் படத்துலயும் ஒரே ஆள் வேணும்மா. அப்பதான் வரிசை மாறாது."

இப்போது இரண்டாவது மாடி எழும்பியாகிவிட்டது. தெருவில் நின்று படம் எடுக்கும் எங்களை ஸ்கூட்டர்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. ஞாயிறு தவறாமல் போய் நிற்கிறேன். தலைக்கு டை போடுவதையும் விட்டுவிட்டேன்.