அக்காவின் பெட்டியில் ஐந்து கிலோ

"மார்ச் 9. நேற்றுப் பெட்டியை எடை போட்டபோது பூட்டைச் சேர்க்க மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. சரியான எடை 30 கிலோ."

மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கும் தம்பி இதை நாட்குறிப்பில் எழுதிவிட்டு, 'சரியான' என்ற சொல் சரிதானா என்று கொஞ்சம் யோசித்தான். அன்று மாலை அக்காவுக்கு விமானம். கணவர் வேலை பார்க்கும் ஊருக்கே குடிபோகிறாள். இருபத்துமூன்று கிலோவுக்கு மேல் போனால் தனிக் கட்டணம்.

"ஏழு கிலோவ எங்கடா குறைக்கிறது?"

"பெட்டியே அஞ்சு கிலோக்கா. முதல்ல இத மாத்தணும்."

பக்கத்து வீட்டு அத்தை பூப்போல லேசான, இரண்டே கிலோ உள்ள ஒரு பெட்டியைச் சந்தோஷமாகக் கொடுத்தாள். கூடவே ஒரு பொட்டலம். "என் பையனும் அங்கதானே இருக்கான்? சின்னதுதாம்மா."

சின்னது மூன்று கிலோ இருந்தது. எடைமெஷினில் மறுபடி முப்பது.

அடுத்து அக்கா கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டாள். அதன் பைகளில் சோப்பு, சார்ஜர், ஒரு ஜோடி செருப்பு. கையைக் கீழே இறக்க முடியவில்லை.

"என்னம்மா, விமானம் வேண்டாம்னு நீயே பறக்கப் போறியா?" என்றார் அப்பா.

இருபத்தெட்டு.

மிச்ச ஐந்து கிலோ எது என்று மூவருக்கும் தெரியும். அம்மா இருந்தவரை வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த ஐந்து தொகுதிகள். ஓரங்களில் பென்சிலில் அம்மாவின் குறிப்புகள். 'இவன் நல்லவன் இல்லை.' 'சொன்னேனே!' 'இந்த இடத்தில் பால் பொங்கிவிட்டது.' அக்கா படித்துச் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"வேற தராசுல ஒரு தடவ பாத்துடலாம்டா."

தெருவில் போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தொங்குதராசில் பெட்டியை மாட்டினார். "இருபத்துமூணு தம்பி."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "உன் தராசுல யானைய மாட்டினாலும் ஆட்டுக்குட்டிதான்யா! போன மாசம் பதினஞ்சு கிலோ பேப்பர பத்துன்னு எடுத்துட்டுப் போனது யாரு?"

"தொழில் மேல சத்தியம் சார், சரியான தராசு."

தம்பி குழம்பினான். வீட்டு எடைமெஷினில் எண்கள் தேய்ந்துபோனதாகச் சொல்லி அம்மாவே காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

"அம்மா எழுதினது தப்பா இருக்காதுக்கா."

அக்கா பெட்டியைத் திறந்தாள். ஐந்து தொகுதிகளையும் அவன் மேசையில் அடுக்கினாள். "கரையான் அரிக்காம பாத்துக்கோ."

விமான நிலையக் கவுண்டரில் பெட்டி ஏறியது.

"பதினெட்டு," என்றாள் அங்கிருந்த பெண். "இன்னும் அஞ்சு கிலோ கொண்டுபோகலாமே மேடம்?"

கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்த அக்கா, தம்பியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எடை போட எந்தத் தராசும் தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் எடைமெஷினைக் கவிழ்த்துப் போட்டு அவன் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அத்தை எட்டிப்பார்த்தாள். "என் பொட்டலம் ஏறிடுச்சா?"

"எல்லாம் ஏறிச்சு. இந்த மெஷின்தான் அத்தை, அஞ்சு கிலோ அதிகமா காட்டுது."

"காட்டாம என்ன செய்யும்? பள்ளிக்கூடத்துல உன்ன ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடறாங்கன்னு சாப்பிடாம அழுதியே, அன்னைக்குத்தான்டா உங்கம்மா பூஜ்யத்த மட்டும் விட்டுட்டு மத்த நம்பரையெல்லாம் அஞ்சஞ்சு கூட்டி எழுதி ஒட்டினா!"

தம்பி கழற்றிய ஸ்க்ரூவை இருந்த இடத்திலேயே முடுக்கினான். பிறகு நாட்குறிப்பை எடுத்தான்.

"நாளை: ஐந்து தொகுதிகளையும் பேப்பர்காரர் தராசில் எடை போட்டு, அக்காவுக்குப் பார்சல் அனுப்ப வேண்டும்."