உலையின் மூக்கை அடைத்த காளான்

வட போஹேமியா
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய அத்தான் போஹுமில் அவர்களின் சமூகத்துக்கு, மச்சினன் ராதிம் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி விளாஸ்தாவும் பூனையும் நல்ல சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் என் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உங்கள் வீட்டுப் பார்லிச் சோற்றில் போட, இந்த வருடம் என்னிடமிருந்து உலர்ந்த காளான் வராது. ஒரு பிடிகூட வராது. இருபத்திரண்டு வருடமாகத் தவறாமல் அனுப்பியவன் நான். "தம்பிக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று அக்கா ஆரம்பிக்கும் முன் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் கண்ணாடி உலை உங்களுக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடி, பீர் பாட்டில் எல்லாம் அதில் உருகி வருவதுதான். பதினாலு வருடத்துக்கு முன் பழைய உலையை இடித்துவிட்டு இதைக் கட்டியபோது முதன்முதலில் பற்றவைத்ததே இந்தக் கைதான், இன்றுவரை அதற்கு போர்மேனும் நான்தான். ஆகஸ்டில் அளக்க வந்தவர்கள் புகைபோக்கியில் கருவியை விட்டுப் பார்த்து, கார்பன் மோனாக்சைடு தொள்ளாயிரம் என்றார்கள். எங்கள் உரிமத்தில் நூறுதான் அனுமதி. அது நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, சுவாசித்தால் ஆள் காலி. காற்று போதாமல் எரிவாயு பாதி வெந்தும் வேகாமலும் எரிந்தால் வருவது அது. "அக்டோபர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை மறுபடி வருவோம், அப்பவும் நூறைத் தாண்டினா உலையை அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அத்தான், உலையை அணைப்பது அடுப்பை அணைப்பது மாதிரி இல்லை. ஆறினால் செங்கல்லெல்லாம் விரிசல் விட்டுவிடும், இந்த வயசான உலையை மறுபடி எவனும் கட்டமாட்டான், நூற்றி நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. கௌலாஷ் கறிக்குழம்பையே தள்ளி வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்த இஞ்சினியர் அம்மா யித்கா கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினார். உலைச் சுவரின் விரிசலை அடைத்தார், பர்னர்களைக் கழற்றித் துடைத்தார், காற்று வால்வைத் திறந்தார். காற்று எவ்வளவு போகிறதென்று காட்டும் மீட்டரோ மார்ச்சிலேயே கண்ணை மூடிவிட்டது, புதுசு இன்னும் வந்தபாடில்லை. வியாழக்கிழமை பார்த்தால் எண் முந்நூறுக்கு இறங்கியிருக்கும், அப்பாடா என்று பெருமூச்சு விட்டால் திங்கட்கிழமை மறுபடி தொள்ளாயிரம். இந்த அம்மா அதைக் கோடு கோடாக வரைந்து கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டார். திங்கட்கிழமை ஷிஃப்டு யாருடையது? ஓட்டகாருடையது. விடுவேனா நான்?

"ஏன்யா, உன் ஷிஃப்டுல மட்டும் ஏன்யா ஏறுது? ஞாயித்துக்கெழம குடிச்ச பீரு எறங்காமலே வால்வைத் திருகுறியா?"

"நான் குடிக்கிறது என் வாயில, உலை வாயில இல்ல! உன் மூஞ்சியப் பாத்துத்தான் அதுக்கு மூச்சு முட்டுது!"

இப்படியே மூன்று வாரம், அத்தான். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேன்டீனில், அதாவது அளக்க வருவதற்கு மூன்று நாள் முன், யித்கா அந்தக் கோடுகளையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணு கவனிச்சீங்களா ராதிம், மழை பெஞ்ச வாரத்துலதான் ரொம்ப ஏறுது. மழைக்கும் உலைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். நான் சிரித்தேன். "மழைக்கும் காளானுக்கும்தாம்மா சம்பந்தம்" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, கரண்டி சூப்பில் விழுந்தது, நான் எழுந்து ஓடினேன்.

விஷயம் இதுதான். கீழ்த்தளத்தில், பழைய உலை காலத்திலிருந்தே, ஒரு பெரிய விசிறி, கம்பிவலை ஜன்னல் வழியாக வெளிக்காற்றை இழுத்து உலைக்கு அனுப்புகிறது. அந்த வலையில் சல்லடைத் தட்டைச் சாய்த்து, நறுக்கிய காளானைப் பரப்பினால் நாலே நாளில் அப்பளம் மாதிரி நொறுங்கும். வீட்டு அடுப்பில் உலர்த்தினால் விளாஸ்தா என்னையும் சேர்த்து உலர்த்திவிடுவாள். இருபத்திரண்டு வருடமாக நான் உங்களுக்கு அனுப்பியதெல்லாம் எந்த விசிறியில் உலர்ந்தது என்று இப்போது புரிந்திருக்கும். என்னுடையது எப்போதும் இரண்டே தட்டு. ஆனால் இந்த வருடம் காடு அள்ளிக் கொடுத்ததே! ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழு தட்டு! வலையில் விரல் நுழைய இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரே காட்டில் பொறுக்குகிறது, திங்கட்கிழமை ஈரமாக வந்து அடைக்கிறது, வியாழக்கிழமை சுருங்கி வழி விடுகிறது. பாவம் உலை, மூக்கைப் பொத்திக்கொண்டா அது எரியும்?

திரும்பினால் பின்னால் யித்கா, தொழிற்சாலை டைரக்டர், ஓட்டகார், பாதி ஷிஃப்டு. "யாருதுய்யா இதெல்லாம்?" என்று டைரக்டர் கத்தினார். ஓட்டகார் கூரையைப் பார்த்தான், மற்றவர்கள் செருப்பைப் பார்த்தார்கள், யித்காவின் முகம் தக்காளியாகச் சிவந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, "எல்லாம் என்னோடதுதாங்க" என்றேன். "ஏழும்?" "ஏழும்." "அம்மாடி! எந்தக் காட்டுலய்யா?" "உசிரக் கேளுங்க தரேன், எடத்த மட்டும் கேக்காதீங்க" என்றேன். விளாஸ்தாவுக்கே சொல்லாத இடம், டைரக்டருக்கா சொல்வேன்? "எல்லாத்தையும் குப்பையில போடுங்க" என்றார் அவர். யித்கா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நானே கொண்டுபோய்ப் போட்டுடறேன்" என்று அத்தனை தட்டையும் அள்ளிக்கொண்டு போனார். வயிறு எரிந்தது, அத்தான்.

ஆனால் எண் இறங்கியதே, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! தொள்ளாயிரம், நானூறு, நூற்றி இருபது, எழுபது! வெள்ளிக்கிழமை அதிகாரிகள் அளந்தபோது ஐம்பத்தெட்டு. ஓட்டகார் என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. டைரக்டர் ஒரு கையால் கட்டிக்கொண்டு மறு கையால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். உலை எரிகிறது, அத்தான், நன்றாக எரிகிறது! அதன் சூடான செங்கல்லில் கை வைத்து, இனி தொழிற்சாலைப் பக்கம் ஒரு காளானும் கொண்டுவரமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே இந்த வருடம் வெறும் பார்லிதான். பூண்டைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். தாங்கள் நீண்ட ஆயுளுடனும் மடங்கும் முழங்காலுடனும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சினன்
ராதிம்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. தபாலில் போட எடுத்து வந்தேன், என் லாக்கர் வாசலில் ஒரு மூட்டை. உள்ளே ஏழு தட்டுக் காளானும் மொறுமொறுவென்று. கூடவே யித்காவின் சீட்டு: "குப்பையில் போட மனசு வரவில்லை. மேல் மூன்று தட்டு என்னுடையவை. மூன்று தட்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறோம். இனி பாட்டில் ஆறும் கூண்டிலிருந்து சூடு வெளியேறும் பக்கம் உலர்த்தலாம், உலைக்குத் தொந்தரவில்லை, அளந்து பார்த்துவிட்டேன். இன்னொன்று, மன்னியுங்கள். உடைந்த பாலத்துக்குப் பின்னால், மூன்று பிர்ச் மரத்தடி. இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது நான்தான்."

ஆக, ஏழும் என்னுடையது என்றேனே, என் இரண்டு தட்டும் என் ரகசிய இடத்தில் அவர் பொறுக்கிய மூன்றும் சேர்த்தால் பாதிக்கு மேல் உண்மைதான்! பார்சல் இத்துடன் வருகிறது. மேலே எழுதியதை மறந்துவிட்டுப் பார்லியை ஊறப்போடச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் தெரியாத காடு ஏதாவது இருந்தால் உடனே எழுதவும்.