உங்கள் தம்பியின் கொம்புக் குவளையை அனுப்பாத காரணம்

பியூனஸ் ஐரிஸில் பதினோராம் மாடியில் அடுத்தவர் சமையலறையைத் தன் சமையலறையைப் போல வைத்திருக்கும் மதினி தியோதோரா அவர்களுக்கு, ஊரிலிருந்து தம்பி பெண்டாட்டி நிமியா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மூன்று கோழிகளும் சுகம். நான்காவது கோழியைப் பற்றிக் கீழே வரும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டுமென்று காகுபே மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

உங்கள் அப்பா விட்டுப்போன கொம்புக் குவளையை, அதுதான் வெள்ளி விளிம்பு போட்டதை, பஸ்காரரிடம் கொடுத்து அனுப்பு என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினீர்கள். தம்பியும் போனபிறகு அது உங்களிடம்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அனுப்ப முடியவில்லை. கோபப்படுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிடுங்கள், அதற்குப் பிறகு தாராளமாகக் கோபப்படலாம்.

நான் பெருக்கித் துடைக்கும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு லிஸ் மபேல் என்று ஒரு டீச்சர் இருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம். புருஷன் சாக்கோ பக்கம் மாட்டுப் பண்ணையில். தொற்றுக்காக ஒரு வருஷம் மூடியிருந்த பள்ளிக்கூடத்தை மார்ச்சில் பாதிப் பாதிப் பிள்ளைகளாகத் திறந்தார்கள், இவளும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டில் இரேன் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். அவளுடையது தற்காலிக வேலை. ஒரு வாரம் வராவிட்டால் அந்த நாற்காலியில் கவுன்சிலர் மருமகள் உட்கார்ந்துவிடுவாள், இப்போதே வாரம் ஒரு முறை வந்து சன்னலுக்குத் திரை அளவெடுத்துவிட்டுப் போகிறாள்.

இவள் எனக்கு யார் என்றும் கேட்பீர்கள். போன செப்டம்பரில் உங்கள் தம்பி தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னை உள்ளே விடவில்லை, சாயங்காலம் போனில் எழுத்தாகத்தான் சேதி வரும். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்று இவள்தான் சைக்கிளில் வந்து படித்துச் சொன்னாள், பதினாறு நாள். கெட்ட சேதி வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு மூச்சு விடுவாள். பதினாறாம் நாள் இரண்டு மூச்சு விட்டாள். அதனால்தான்.

ஏப்ரல் முதல் வாரம் மேலிடத்திலிருந்து கர்ப்பிணி டீச்சர்களுக்கென்று ஒரு காகிதம் வந்தது. தலைமை டீச்சர் மிர்தா அம்மா எங்களை நிற்கவைத்துப் படித்தார். காற்றோட்டமான தனி இடம், யாரும் இரண்டு மீட்டருக்குள் வரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது, நாற்காலி வேண்டும். படித்துவிட்டு, "நிமியா, இத டீச்சர்கள் அறையில ஒட்டிருங்க. கிழிஞ்சுதுன்னா உங்களத்தான் கேப்பேன்" என்றார். நான் மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, நாலு ஓரமும் நடுவிலும் தடவி, உங்கள் தம்பி சொல்லிக்கொடுத்தபடி துணியால் அழுத்தி ஒட்டினேன். சுவரைப் பெயர்த்தால்தான் காகிதம் வரும்.

அப்புறம் லிஸ்ஸை ஆட்களிடமிருந்து எப்படித் தள்ளிவைப்பது என்று முடிவுசெய்யக் குழு போட்டார்கள். வடக்குக் காற்று புழுதியை வாரி அடித்ததால் சாமான் அறையில் கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ஏழு பேர் உட்கார்ந்தோம், நடுவில் லிஸ். அவள் முட்டி ஒரு பக்கம் மிர்தா அம்மா மேலும் இன்னொரு பக்கம் கணக்கு வாத்தியார் அனிபால் மேலும் இடித்துக்கொண்டிருந்தது. தெரெரே இல்லாமல் நம் ஊரில் எந்தக் கூட்டம் நடந்தது? தெரெரே இலையும் ஐஸ் தண்ணீரும் மூலிகையும் குவளையும் என் கையில், ஊற்றிக் கொடுப்பது நான். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், ஒவ்வொரு வாயாகச் சுற்றி என்னிடம் வரும். மிர்தா அம்மா உறிஞ்சி முடித்து, "முதல் தீர்மானம். இனிமே யாரும் ஒரே குழல்ல குடிக்கக் கூடாது, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, "நல்லா ஜில்லுன்னு இருக்கு, அடுத்த ஆளுக்கு ஊத்துங்க" என்று குவளையை என்னிடம் நீட்டினார்.

அடுத்த ஆள் லிஸ். ஊற்றிவிட்டேன். கை நீளவில்லை. "உனக்கு இல்ல" என்றேன்.

மதினி, சுற்றில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தரைத் தாண்டிக் குவளையைக் கொண்டுபோவதற்குப் பதிலாக அவர் முகத்திலேயே துப்பிவிடலாம் என்பது உங்களுக்கே தெரியும். அதுவும் பிள்ளைத்தாய்ச்சியை. அனிபால் வாத்தியார், "என்ன நிமியாக்கா, வாயும் வயிறுமா இருக்கிறவளுக்குத் தண்ணி இல்லங்கறீங்க? குழந்தை அழுமூஞ்சியாப் பொறக்கும், அப்புறம் நீங்கதான் தாலாட்டணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லிஸ் முகம் சிவந்துவிட்டது. "விடுங்க சார், எனக்குத் தாகமில்ல" என்றாள், உதடு காய்ந்து கிடக்க.

நான் சொன்னேன்: "போன ஆகஸ்ட்ல சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த லாரிக்காரன் பள்ளிக்கூட வாசல்ல காவலுக்கு நின்ன என் புருஷனுக்குக் குவளைய நீட்டினான். அன்னிக்குன்னு பார்த்து இவரு தன் கொம்ப வீட்டு அலமாரியிலயே மறந்துட்டு வந்திருந்தாரு. வேண்டாம்னா அந்த ஆளு என்ன நினைப்பான்னு வாங்கிக் குடிச்சாரு. நான் துடைப்பத்தோட பக்கத்துலதான் நின்னேன். வேண்டாம்னு சொல்லல."

அதற்கப்புறம் சன்னலைத் திறந்தார்கள்.

மறுநாள் உங்கள் தம்பியின் கொம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் மூன்று முறை அலசி லிஸ்ஸிடம் கொடுத்தேன். அவள் குவளை, அவள் குழல், அவள் ஜாடி. யார் கையும் படக் கூடாது. உங்களுக்கு அனுப்பாத காரணம் இதுதான். கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம், ஆனால் கோழி பாக்கியிருக்கிறது.

முதலில் அவளை முற்றத்துக் கொய்யா மரத்தடியில் உட்காரவைத்து, சுற்றிச் சுண்ணாம்பால் இரண்டு மீட்டருக்கு வட்டம் போட்டார்கள். பிள்ளைகள் தாண்டவில்லை. கொய்யாவுக்குத் தீர்மானம் தெரியாது, வருகைப் பதிவேட்டின் மேலேயே பழுத்து விழுந்தது, அதற்குக் குளவி வந்தது, குளவிக்குப் பயந்து ஏழுமாத வயிற்றுக்காரி ஓடின ஓட்டத்தைப் பார்த்து மிர்தா அம்மாவுக்குத்தான் வலி வந்ததுபோல ஆகிவிட்டது. அடுத்து தாழ்வாரம். நோட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கக் கூடாதென்று அனிபால் வாத்தியார் இரண்டு மீட்டர் மூங்கில் வெட்டி, நுனியில் துணிக் கிளிப் கட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் நோட்டைக் கிளிப்பில் மாட்டி டீச்சருக்கு நீட்ட வேண்டும். முதல் நாளே ஒருத்தி திரும்பின வேகத்தில் நோட்டுக்குப் பதிலாக மிர்தா அம்மாவின் சவுரி கிளிப்பில் மாட்டி வந்துவிட்டது. லிஸ் அதற்கும் சிவப்பு மையால் சரி போட்டாள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன், உங்கள் தம்பியின் காவல் கூண்டு சும்மாதானே கிடக்கிறது, மூன்று பக்கமும் திறப்பு, மேலே ஓலை, வெயில் வராது. ஏழு மாதமாக அந்தப் பக்கம் நான் பெருக்கவில்லை. அன்றைக்குப் பெருக்கினேன். அவர் நாற்காலிக்கு ஒரு கால் கம்பியால் கட்டியது, அதை இன்னும் இறுக்கிக் கட்டினேன். இப்போது லிஸ் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடத் தாள் தயார்செய்கிறாள், பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து வாங்கிப்போகிறார்கள். வருகிறவள் எல்லாம் தலையை உள்ளே விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். அதனால் மூங்கிலை நான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று செஃபெரினா வந்தாள், மூன்று பிள்ளை படிக்கிறது, முகக்கவசம் தாடைக்குக் கீழே. "வயிறு கூராத்தான் இருக்கு, பையன்தான், நான் சொன்னா தப்பாது" என்று கையை நீட்டினாள்.

"பையனோ பொண்ணோ, மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லு."

"ஐயோ, நிமியாவுக்கு வந்த அதிகாரத்தப் பாரு! உன் புருஷன் காவல் இருந்தப்போ ஆடு மாடெல்லாம் உள்ள போய் வந்துச்சு."

"அதான் நான் இருக்கேன். கவசத்த மேல ஏத்து."

ஏற்றினாள். போகும்போது, சிவப்புக் கோழியை அடித்து லிஸ்ஸுக்கு சூப்பு வைத்துக் கொடு, உடம்பு தாங்கும் என்றாள். உங்கள் தம்பி பேர் வைத்து வளர்த்த கோழி. கொஞ்சம் யோசித்தேன், கொஞ்சம்தான். நான்காவது கோழி கதை அவ்வளவுதான்.

ஆகவே மதினி, பிள்ளை ஜூலையில் பிறந்ததும் கொம்பைக் கழுவித் துடைத்துப் பஸ்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். அதுவரை பத்திரமாக இருக்கிறது, தினமும் என் கண் பார்க்கக் கூண்டில்தான் இருக்கிறது. உங்கள் எஜமானி அம்மாளுக்கும் அவர்கள் நாய்க்கும் என் வணக்கம். முழங்காலைக் குளிர் படாமல் மூடிக்கொள்ளுங்கள். கன்னி மாதா உங்களை அந்தப் பதினோராம் மாடியில் லிஃப்ட் நிற்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத
நிமியா

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். ராத்திரி மழை. டீச்சர்கள் அறையில் ஓடு ஒழுகிச் சுவர் நனைந்து, என் மரவள்ளிப் பசை கரைந்து, காலையில் காகிதம் தரையில் குப்புறக் கிடந்தது. பின்பக்கமும் எழுத்து. எழுத்துக்கூட்டினேன், "வீட்டில்" என்ற சொல் வந்ததும் நிறுத்திவிட்டு லிஸ்ஸிடம் ஓடினேன். அவள் படித்தாள். பாதியில் நிறுத்தி ஒரு மூச்சு விட்டாள். இரண்டாவது மூச்சு வருகிறதா என்று அவளையே பார்த்தேன். ஆனால் இந்த முறை நல்ல சேதி: ஆறு மாதம் தாண்டியவர்கள் பள்ளிக்கூடத்துக்கே வர வேண்டாமாம், வீட்டிலிருந்தே தாள் தயார்செய்யலாமாம், தற்காலிக வேலையானாலும் இடம் அவர்களுக்கே. கொய்யாவும் வேண்டாம், மூங்கிலும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். "பின்பக்கத்த மறைச்சு ஒட்டினது யாரு?" என்று மிர்தா அம்மா கத்தினார். "திருப்பிப் பாக்காமப் படிச்சது யாரும்மா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம்.

மத்தியான பஸ்ஸில் லிஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். கொம்பை நானே அவள் பைக்குள் வைத்தேன், அங்கேயும் பார்க்க வருகிறவர்கள் குவளையை நீட்டுவார்கள் அல்லவா. பத்திரமாக இருக்கிறது, ஜூலையில் அனுப்புகிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். அது இனி அவளுடையது. பையன் பிறந்தால் ஃபெர்மின் என்று உங்கள் தம்பி பேரை வைக்கிறேன் என்றாள். அந்தப் பேர் வேண்டாம் மகளே, அந்தப் பேர்க்காரர்கள் யார் நீட்டினாலும் குடித்துவிடுவார்கள் என்றேன்.

கோபம் தீர்ந்ததும் பதில் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், பெரிய எழுத்தாக. படித்துச் சொல்கிறவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.