ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்

திண்டுக்கல்லில் எந்தத் தெருத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று நாக்கிலேயே அளந்து சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்ணமீன் கடை வைத்திருந்தார். ஊரே அவரை டம்ளர் என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைக் கேட்கும் துணிச்சல் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

நாங்கள் மாற்றலாகி வந்த புதிது. என் ஏழு வயது மகள் பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் பேசாமல், வீட்டுக்கு வந்து அழுவாள். அவளைச் சமாதானப்படுத்த வேறொரு கடையில் இரண்டு தங்கமீன் வாங்கி, வீட்டு போர்வெல் தண்ணீரில் விட்டேன். காலையில் இரண்டும் மல்லாந்து மிதந்தன.

"இந்த ஊரு யாருக்குமே ஒத்துக்காதுப்பா" என்றாள்.

அடுத்த மீனும் செத்தால் இவளுக்கு என்ன பதில் சொல்வேன்? டம்ளரிடம் ஓடினேன்.

"மீனு கெடக்கட்டும் சார். ஒங்க வீட்டுத் தண்ணி எங்க?"

திரும்ப ஓடி ஒரு பாட்டிலில் கொண்டுவந்தேன். வாயில் ஊற்றிக் கொப்பளித்துக் கண்ணை மூடினார்.

"வீட்டுக்குப் பின்னாடி புளியமரம் நிக்கணுமே?"

நின்றது.

"இம்புட்டு உப்புல திடுதிப்புனு விட்டா மீனு என்ன சார் செய்யும்? நல்ல தண்ணி மீனு தண்ணியே குடிக்காது. தண்ணி தானா ஒடம்புக்குள்ள ஏறும். நாள் பூரா ஒண்ணுக்குப் போயே அதை வெளிய தள்ளும். கடல் மீனு நேர்மாறு. குடிச்சுக்கிட்டே கெடக்கும், உப்பைச் செவுளு வழியாத் தள்ளும். தண்ணி மாறுனா ஒடம்பு வேலையும் மாறணும்ல? அதுக்கு நாள் குடுக்கணும்ல?"

தீர்ப்பு வந்தது. பதினைந்து நாள். தினமும் எங்களுக்கான மீன் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துவிட்டு, எங்கள் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றுவார். அதற்குப் பிறகுதான் மீன்.

மகளும் நானும் தினமும் பாட்டிலோடு போனோம். நாலாம் நாள் சோம்பல்பட்டு, வழியில் ஒரு டீக்கடையில் பாட்டிலை நிரப்பினேன். டம்ளர் கொப்பளித்த வேகத்தில் துப்பினார்.

"ஏ பாப்பா! இது கேன் தண்ணி! ஒங்கப்பா மீனையே ஏமாத்தப் பாக்குறாரு!"

திண்டுக்கல் வந்தபின் என் மகள் சிரித்தது அன்றைக்குத்தான். மீன் ஒண்ணுக்குப் போகும் சங்கதியை மறுநாள் வகுப்பு முழுவதும் சொல்லியிருக்கிறாள். பத்தாம் நாள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவளோடு மூன்று தோழிகள் வந்தார்கள்.

பதினைந்தாம் நாள் மீன் வீடு வந்தது. டம்ளரும் கூடவே வந்து, சாயங்காலம் வரை தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்தபோது மட்டும் வாங்கவில்லை. "ஒங்க தண்ணிக்கு நான் இன்னும் பழகல சார்."

மூன்று வருடத்தில் மறுபடி மாற்றல். இப்போது ஊரைவிட்டு வரமாட்டேன் என்று மகள் அழுதாள். சாமான் வண்டி கிளம்பும்போது டம்ளர் ஒரு பெரிய கேனோடு வந்து நின்றார்.

"ஒங்க வீட்டுத் தண்ணிதான். அங்க போயி தெனம் ஒரு டம்ளர் கலந்துக்க."

"மீனுக்கா மாமா?"

"மீனுக்கு வேற கேனு வச்சிருக்கேன். இது ஒனக்கு பாப்பா."

சொன்னபடியே குடிக்கும் தண்ணீரில் கலந்தோம். கடைசி டம்ளரைக் கலக்க மட்டும் எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அந்த உப்புத் தண்ணீர் எங்கள் அலமாரியில் இன்னும் இருக்கிறது.